பழைய ஷெவர்லே சி10 பிக்கப்பில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

1967 முதல் 1970 வரை வெளிவந்த ஷெவர்லே சி10 பிக்கப்புகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடனேயே தொழிற்சாலையை விட்டு வந்தன. 1971 மாடலில் நிறுவனமே தன் இலகுரக டிரக்குகளின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கைத் தரமாகப் பொருத்தத் தொடங்கியது. 1972 வரை அடிப்படைச் சட்டகம் மாறவில்லை என்பதால், முந்தைய நான்கு ஆண்டு வண்டிகளுக்கு இந்த மாற்றத்தைச் செய்வது பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லாமலேயே முடிகிறது. அமெரிக்காவில் இந்த வண்டிகளை வைத்திருப்போர் பலர் முதலில் கைவைக்கும் மேம்பாடு இதுதான். ஆனால் அவர்களில் பலர் காலிப்பரையும் (பேடுகள் எனும் உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) டிஸ்க்கையும் வாங்கி மாட்டிவிட்டு, மிதி கல்லாக இருக்கிறது, வண்டி நிற்க மறுக்கிறது, முன்சக்கரம் விடாமல் உரசுகிறது என்று பிறகு திண்டாடுகிறார்கள். சக்கரத்தில் தெரியும் பாகங்கள் இந்த வேலையில் பாதிதான். மீதிப் பாதி மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் விசையை எண்ணெய் அழுத்தமாக்குவது), பூஸ்டர் (கால் விசையைப் பெருக்குவது), வால்வு, பின்சக்கர டிரம் ஆகியவற்றில் இருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், நல்ல நிலையில் இருந்த டிரம் பிரேக்கை விட மோசமான பிரேக்கே மிஞ்சும்.

டிஸ்க் எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது

டிரம் பிரேக்கில் ஷூக்கள் உள்ளிருந்து வெளியே விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. மலைச்சாலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது. மிதி கீழே இறங்குகிறது, ஷூவின் மேலுள்ள உராய்வுப் பூச்சான லைனரின் பிடிப்பும் குறைகிறது. டிஸ்க்கில் கதை வேறு. தகடு சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் தடிக்கும். காற்று நேரடியாகப் படுவதால் வெப்பமும் விரைவில் வெளியேறும். டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் தங்கிவிடும், தகட்டின் மேல் விழுந்ததோ சுழற்சியில் சிதறிவிடும். 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக்குகளுடன் ஜாகுவார் சி-டைப் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றபோது இந்த வேறுபாடு உலகுக்குத் தெரிந்தது. பிக்கப் டிரக்குக்கு அது வந்து சேர மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

டிரம்முக்கு ஒரு தனித்திறமை உண்டு. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து, அது பின் ஷூவைத் தள்ளி, ஓட்டுநர் கொடுத்த விசையைத் தானே பெருக்கிக்கொள்கிறது. டிஸ்க்குக்கு இந்தத் திறமை கிடையாது. ஆகவே அதே அளவு பிடிப்புக்கு டிஸ்க் மிக அதிகமான எண்ணெய் அழுத்தத்தைக் கேட்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். மிதியின் மேல் 30 கிலோ விசை, மிதியின் நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 180 கிலோ விழுகிறது. 1 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். எனவே குழாயில் கிடைப்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 36 கிலோ, அதாவது 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) சொச்சம். அவசரமாக நிறுத்தும்போது டிஸ்க் கேட்பதோ 1000 பிஎஸ்ஐ அளவிலானது. பூஸ்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தப் பாதிக்குப் பாதி இடைவெளியே காரணம். பூஸ்டர் இல்லாமலும் ஓட்டுவோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டியை வீட்டில் வேறு யாரும் பயமின்றி ஓட்ட முடியாது.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

முதலில் சக்கரத்தின் போல்ட் அமைப்பைப் பாருங்கள். 1970 வரையான இரு சக்கர இயக்க சி10 வண்டிக்கு 5.5 அங்குல வட்டத்தில் ஆறு போல்ட். 1971 முதல் 5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட். பழைய பாகக் கிடங்கிலிருந்து 1971 அல்லது 1972 வண்டியின் முன்பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிடும். ஒரே ஸ்டெப்னியை இரு பக்கமும் போட முடியாது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஆறு போல்ட் துளையிட்ட டிஸ்க்குடன் வரும் தொகுப்பை வாங்கிப் பழைய சக்கரங்களை வைத்துக்கொள்ளலாம். அல்லது பின் ஆக்சிலையும் ஐந்து போல்ட்டுக்கு மாற்றிவிடலாம். ஐந்து போல்ட் சக்கரங்களில் தேர்வு அதிகம் என்றாலும் செலவு கூடும். பழைய சக்கரத்தை வைத்துக்கொள்பவர்கள் அது காலிப்பரின் மேல் உரசாமல் சுற்றுமா என்பதையும் பார்க்க வேண்டும். டிரம்முக்காக வார்த்த சில 15 அங்குல சக்கரங்களின் உள்வளைவு காலிப்பரில் இடிக்கும். தொகுப்பை விற்பவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, தொகுப்பு எந்த வகை என்பது. ஒரு வகை பழைய ஸ்டப் ஆக்சிலை (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) அப்படியே விட்டு, அதன்மேல் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை மட்டும் பூட்டுகிறது. இதில் சஸ்பென்ஷனைக் கழற்ற வேண்டியதில்லை. மற்ற வகையில் ஸ்டப் ஆக்சிலோடு கூடிய நக்கிள் (ஸ்டியரிங்கோடு திரும்பும் தாங்கி) முழுவதும் மாறுகிறது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஐம்பது ஆண்டு கடந்த வண்டியின் பால் ஜாயின்ட்டுகளை (நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டுகள்) எப்படியும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். ஆடும் பால் ஜாயின்ட்டின் மேல் புதிய டிஸ்க் மாட்டி என்ன பயன்? நக்கிளை மாற்றும்போது பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை) ஆகியவற்றின் கூம்புத் தண்டு புதிய துளையில் முழுமையாக உட்காருகிறதா என்று கையில் வைத்தே பொருத்திப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, தண்டு அளவுக்கு மீறி உள்ளே போனாலோ, அந்த நக்கிளுக்கு உரிய பால் ஜாயின்ட்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது எஞ்சின். பூஸ்டர் எஞ்சினின் வெற்றிடத்தால் வேலை செய்வது. இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்த் தொகுதி) கேஜ் மாட்டி, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது பாதரச அளவில் 18 அங்குல வாக்கில் காட்டினால் கவலை இல்லை. முன்பு வண்டியை வைத்திருந்தவர் பந்தய ரகக் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் முள் மிகக் கீழே நிற்கும். அப்போது மின்சார வெற்றிட பம்போ, ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பூஸ்டரோ தேவைப்படும்.

1967-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான் இருக்கும், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போயிற்று. டிஸ்க் போடாவிட்டாலும் அதை இரட்டை அறைச் சிலிண்டராக மாற்றுங்கள். 1955 முதல் 1959 வரையான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைப் பலகைக்கு அடியில், காலிப்பரை விடத் தாழ்வாக அமர்கிறது. அங்கே எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்க, டிஸ்க் செல்லும் குழாயில் 2 பிஎஸ்ஐ மீதமழுத்த வால்வு வைப்பது வழக்கம். சி10-இல் சிலிண்டர் எஞ்சின் அறைச் சுவரில் உயரமாக இருப்பதால் அது தேவையில்லை.

பழையதைக் கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்புறத்தை உயர்த்திச் சட்டகத்தின் அடியில் தரமான ஸ்டாண்டுகளை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவிடக் கூடாது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி குவிந்திருக்கும். அக்காலத்து லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் அந்த நார்கள் நுரையீரலுக்குள் போகும். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து ஈரமாக்கித் துடைத்து, துடைத்த துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிரேக் ஹோஸைக் கழற்றும்போது, சட்டகத்தில் இருக்கும் இரும்புக் குழாயின் நட் துருவேறி இறுகியிருக்கும். சாதாரண ஸ்பானர் அதன் முனைகளை உருட்டிவிடும். குழாய் நட்டுக்கென்றே உள்ள ஃபிளேர் ஸ்பானரைப் பயன்படுத்துங்கள். முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வைத்தால் பாதிச் சிரமம் குறையும்.

இனி வருவது இந்த வேலையிலேயே ஆபத்தான பகுதி. சி10-இன் முன் காயில் ஸ்பிரிங் கீழ்க் கன்ட்ரோல் ஆர்முக்கும் (நக்கிளைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) சட்டகத்துக்கும் இடையே அழுத்தப்பட்டு அடைபட்டிருக்கிறது. நக்கிளைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டை விடுவித்தால் அந்த ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அறைந்து வெளியே பாயும். ஆளைக் கொல்லும் விசை அதற்கு உண்டு. ஆகவே கீழ் ஆர்மின் அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்து, ஸ்பிரிங்கின் சுமையை அது ஏற்கும் வரை சற்று உயர்த்துங்கள். பாதுகாப்புக்கு ஸ்பிரிங்கின் ஊடாக ஒரு சங்கிலியைச் சட்டகத்தோடு கோத்துக் கட்டுங்கள். பால் ஜாயின்ட்டின் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதும் கழற்றாதீர்கள். சில புரிகள் பிடித்திருக்கட்டும். பிறகு நக்கிளின் காதுப்பகுதியில் சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால் கூம்பு விடுபடும். விடுபட்ட பிறகே, ஜாக்கி அசையாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நட்டை எடுக்க வேண்டும். புதிய நக்கிள் ஏறி, இரு நட்டுகளும் உரிய முறுக்கத்தில் இறுகி, ஸ்பிளிட் பின் போடும் வரை அந்த ஜாக்கியைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். குழப்பம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் அப்படியே இருக்கும்.

ஹப், டிஸ்க், காலிப்பர்

புதிய டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வருகிறது. பிரேக் கிளீனரால் இருபுறமும் கழுவித் துடைக்காமல் பேட் பட்டால் அந்தப் பேட் எண்ணெய் குடித்து வீணாகிவிடும். சி10 டிஸ்க்கும் ஹப்பும் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பு என்பதால் பேரிங்குகள் அதற்குள்ளேயே அமர்கின்றன. பேரிங்குக்கு டிஸ்க் பிரேக்கின் சூட்டைத் தாங்கும் கிரீஸைத் தேர்ந்து, உருளைகளுக்கு இடையே உள்ளே புகும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்புங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது.

ஹப்பை ஏற்றியபின், டிஸ்க்கைக் கையால் சுற்றிக்கொண்டே நடு நட்டை 12 அடி-பவுண்டு வரை இறுக்கி, பேரிங் சரியாக அமர்ந்ததும் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின் துளை நேர்வரும் அளவுக்குச் சற்றுப் பின்னோக்கித் திருப்பிப் பின்னைப் போடுங்கள். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முன்பின் ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அதே கேஜைத் தகட்டின் முகத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள், கோணல் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிற்பாடு மிதி காலடியில் துடிக்கும். எளிதாகத் தோன்றும் இந்த அளவெடுப்பைப் பலர் விட்டுவிட்டு, ஆயிரம் மைல் ஓடியபின் பேடைக் குறை சொல்கிறார்கள்.

காலிப்பரை மாட்டுமுன் ஒரு கேள்வி: ஏர் எடுக்கும் (எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் மேலே இருக்கிறதா? இடது காலிப்பரை வலதில் மாட்டினாலும் அது பூட்டிக்கொள்ளும், ஓடும், எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே சேரும் காற்று எத்தனை முறை பம்ப் செய்தாலும் வெளியேறாது. இந்தத் தவற்றைத் தேடி இரண்டு நாள் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தவன் நானும்தான்.

காலிப்பர் நகரும் பின்களில் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். ஹோஸை இணைக்கும் போல்ட்டின் இருபுறமும் புதிய செம்பு வாஷர்கள் வேண்டும். பழையதை மறுபடி போட்டால் கசியும். பூட்டியபின் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, சஸ்பென்ஷனையும் ஏற்றி இறக்கி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமலும் டயரில் படாமலும் இழுபடாமலும் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும்

டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டே டிஸ்க்கை இயக்கலாம் என்ற சிக்கன யோசனையை விட்டுவிடுங்கள். அந்தக் காலச் சிலிண்டர்கள் பலவற்றின் வாயிலுக்குள், டிரம்மின் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உதடுகள் விரிந்தே இருக்கும்படி 10 பிஎஸ்ஐ அளவில் அழுத்தத்தைத் தேக்கும் சிறு வால்வு உண்டு. டிரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் அந்த அழுத்தத்தை வென்றுவிடும். காலிப்பரில் இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. பேட் ஓயாமல் தகட்டை உரசிச் சூடேறும். மேலும் டிஸ்க் பேட் தேயத் தேயக் காலிப்பரின் பெரிய பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது. பழைய சிலிண்டரின் சின்ன அறை அதற்குப் போதாது. டிஸ்க்-டிரம் வண்டிக்கென வார்த்த சிலிண்டரில் ஓர் அறை பெரியது, அது டிஸ்க்குக்கு. எந்த வாயில் முன்னுக்கு, எது பின்னுக்கு என்பதைத் தயாரிப்பாளரின் தாளைப் பார்த்து இணையுங்கள், ஊகிக்காதீர்கள்.

சிலிண்டரின் உள்விட்டத்தில் பெரிதே நல்லது என்று நினைக்கக் கூடாது. 1 அங்குலத்திலிருந்து 1⅛ அங்குலத்துக்குப் போனால் பரப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அதே கால் விசைக்கு அழுத்தம் அந்த விகிதத்தில் குறைகிறது, மிதி கல்லாகிறது. பூஸ்டர் இருந்தால் 1⅛ தாங்கும், இல்லாவிட்டால் 1 அங்குலத்தோடு நிறுத்துங்கள். மிதியின் விகிதமும் இதில் சேரும்: பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஆறுக்கு ஒன்று, பூஸ்டருக்கு நான்கு வாக்கில். தள்ளுத்தண்டு மிதியில் எந்தத் துளையில் கோர்க்கப்படுகிறது என்பதால் இது மாறும்.

பூஸ்டருக்கும் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே தள்ளுத்தண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தண்டு நீளமானால் பிஸ்டன் முழுதும் பின்னுக்கு வராமல், எண்ணெய் அறைக்குத் திரும்பும் நுண்துளை மூடியே கிடக்கும். எண்ணெய் சூடாகி விரியும், போக இடமில்லை, நான்கு மைல் ஓடுவதற்குள் முன்சக்கரங்கள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். வால்வையும் காலிப்பரையும் மாற்றிச் செலவழித்த பின்தான் பலரும் இந்தத் தண்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வெற்றிடக் குழாயை மேனிஃபோல்டிலிருந்து நேரடியாக எடுங்கள். கார்பரேட்டரின் வேறு துவாரங்களில் ஐடிலின்போது வெற்றிடமே இராது. ஒருவழி வால்வின் திசையையும் பாருங்கள். மிதியின் ஓய்வு நிலை மாறியிருந்தால் பிரேக் லைட் சுவிட்சையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வால்வும் குழாய்களும்

காலியான பிக்கப்பின் பின்பாகம் கனமற்றது. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய, பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். காம்பினேஷன் வால்வு இதற்காகவே இருக்கிறது. பின் டிரம் ஷூக்கள் தம் ஸ்பிரிங்கை வென்று விரியும் வரை முன் டிஸ்க்கைச் சற்றுப் பொறுக்க வைப்பது, ஓர் எல்லைக்கு மேல் பின்பக்க அழுத்தத்தின் ஏற்றத்தை மட்டுப்படுத்துவது, ஒரு பக்கம் அழுத்தம் இழந்தால் எச்சரிக்கை விளக்கை எரிய வைப்பது என்ற மூன்றையும் அந்த ஒரே பித்தளைக் கட்டி செய்கிறது. சில சமயம் பாரம், பெரும்பாலும் காலி என்று ஓடும் வண்டிக்கு, கையால் திருகிச் சரிசெய்யும் தனி வால்வு இன்னும் வசதி. ஆனால் இரண்டையும் வரிசையாகப் போடாதீர்கள். பின்பக்கம் இருமுறை மட்டுப்பட்டு, டிரம் பெயருக்குத்தான் இருக்கும்.

குழாய்களுக்கு 3/16 அங்குல எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாயை எடுத்து, முனைகளை இரட்டை மடிப்பாக ஃபிளேர் செய்யுங்கள் (விரித்துவிடுங்கள்). ஏசி வேலைக்கான தூய செம்புக் குழாயும், நடுவில் நசுக்கி இணைக்கும் கம்ப்ரஷன் இணைப்பும் பிரேக்கில் கூடவே கூடாது.

பின் டிரம்மை விட்டுவைப்பதில் பிசகு ஏதுமில்லை. கை பிரேக் அதிலேயே வேலை செய்கிறது. ஆனால் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்து, ஷூவை டிரம்மில் லேசாக உரசும் அளவுக்கு நெருக்கி வையுங்கள். முன்பக்கம் புத்தம் புதிதாக இருந்தும் மிதி பாதிவரை இறங்கினால், காரணம் பெரும்பாலும் தளர்ந்து கிடக்கும் பின் ஷூதான்.

எண்ணெய் நிரப்பி ஏர் எடுத்தல்

மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுமுன் வைஸில் பிடித்து, வாயில்களிலிருந்து சிறு குழாய்களை அதன் அறைக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் மாட்டியபின் ஒரு பிற்பகல் முழுவதும் வீணாகும்.

எண்ணெய்க்கு டாட் 3 (டாட் என்பது பிரேக் எண்ணெயின் தர வகை) போதும். அதன் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 140. டாட் 4-க்கு முறையே 230, 155. மலைப்பகுதியில் ஓட்டுபவர் டாட் 4-ஐ எடுக்கலாம். சிலிக்கோனால் ஆன டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 அதன் இனமல்ல, அது டாட் 4-இன் உறவு. சிலிக்கோன் எண்ணெய் பெயின்டைத் தின்னாது என்பதால் காட்சிக்கு நிற்கும் வண்டிக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதில் சிக்கும் நுண்குமிழிகள் எளிதில் வெளியேறுவதில்லை, மிதி பஞ்சுபோல் இருக்கும். ஓடும் வண்டிக்கு நான் அதைப் போட மாட்டேன்.

ஏர் எடுக்கும் வரிசை: தூரத்திலிருந்து கிட்டே. பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி தரையைத் தொடுமுன் மூட வேண்டும். அறையில் எண்ணெய் குறைந்தால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

பூஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, எஞ்சினை நிறுத்தி மிதியை ஐந்தாறு முறை அழுத்துங்கள். கடினமானதும் காலை எடுக்காமலேயே எஞ்சினை ஓட விடுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

முதல் ஓட்டம்

வாகனமற்ற வெற்று மைதானத்தில் நடக்கும் வேகத்தில் தொடங்குங்கள். பிறகு பேடும் தகடும் ஒன்றுக்கொன்று பழக, மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். இடையில் முழுதும் நிறுத்தி மிதியைப் பிடித்தபடி நிற்காதீர்கள், சூடான தகட்டில் பேடின் அச்சு ஒட்டிக்கொள்ளும். அதன் பின் ஆறவிட்டு, சற்று வேகத்தில் பலமாகப் பிடித்து, வெளியில் நிற்கும் ஒருவரைக் கொண்டு எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பாருங்கள். பின்சக்கரம் முந்தினால் சரிசெய்யும் வால்வில் பின்பக்க அழுத்தத்தைக் குறைத்து, முன்சக்கரம் ஒரு கணம் முந்தும்வரை திரும்பத் திரும்பச் சோதியுங்கள்; இதைக் காலி வண்டியில் செய்ய வேண்டும், பாரத்தோடு அல்ல.

பத்து கிலோமீட்டர் ஓடி வந்ததும் இரு முன்சக்கரங்களின் நடுவிலும் புறங்கையைத் தொடாமல் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் நல்லது; ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் காலிப்பர் நகரும் பின்களில் ஒன்று இறுகியிருக்கிறது அல்லது ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது; இரண்டுமே கொதித்தால் தள்ளுத்தண்டின் இடைவெளிக்குத் திரும்புங்கள். நூறு மைலுக்குப் பின் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கி, எண்ணெய் அளவைப் பார்த்து, ஒவ்வொரு குழாய் இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் துடைத்து ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நக்கிளை மாற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டுக்கு நாள் குறிக்க மறக்க வேண்டாம்.